உயிர்க்கலத்தின் படலையில் எண்ணும்மை

சென்ற தவணையில் ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவருக்கு யாம் இடைச்சொல் இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தோம். ‘உம்’ என்னும் இடைச்சொல் எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருளில் வரும் என்பதை விளக்கி முடித்தபோது, கணிதத்தில் வல்ல மாணவன் ஒருவன் எழுந்தான். வைத்தியம் கற்க விரும்பும் தனக்கு உம்மையின் எட்டுப் பொருளால் ஆவது யாது எனப் பணிவுடன் வினவினான். தாய்மொழியின் இலக்கணத்தை அறிதல் கடனென்று அன்று யாம் கூறிய விடை அவனை அடக்கியதேயன்றித் தெளிவிக்கவில்லை. எமக்கும் அது நிறைவளிக்கவில்லை. பின்னர் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் துணையுடன் சில நூல்களையும் கட்டுரைகளையும் பயின்றபோது, அவ்வினாவுக்குரிய விடை எதிர்பாராத ஓரிடத்திலே கிடைத்தது. அதனையே இம்மலரில் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க எண்ணுகின்றோம்.

கலமும் செய்தியும்

மனிதவுடல் ஏறத்தாழ முப்பது இலட்சங் கோடி கலங்களால் ஆயது. இக்கலங்கள் தனித்தனியே வாழ்வன அல்ல. ஒன்றோடொன்று ஓயாது செய்தி பரிமாறிக்கொள்வன. ஒவ்வொரு கலத்தின் மேற்பரப்பிலும் வாங்கிகள் எனப்படும் புரதங்கள் அமைந்துள்ளன. வெளியிலிருந்து வரும் உரிய மூலக்கூறு ஒரு வாங்கியிற் பொருந்தியவுடன், அச்செய்தி மென்சவ்வைக் கடந்து உள்ளே செல்கின்றது. ‘வளர்’, ‘பிரி’, ‘நில்’, ‘இற’ என்னும் ஏவல்கள் கலத்துக்கு இவ்வாறே கிடைக்கின்றன. ஏவற்படி நடக்கும் கலங்களாலேயே உடல் நிலைபெறுகின்றது. ‘நில்’ என்னும் ஏவலைக் கேளாது, ‘பிரி’ என்பதையே தனக்குத் தான் கூறிக்கொண்டு பெருகுங் கலமே புற்றுநோய்க்கு வித்தாகின்றது.

ஆயின், அத்தகைய கலத்துக்கு ‘நில்’ என்னும் செய்தியை நாமே அனுப்பினால் என்ன? இவ்வினா எளிது, விடைதான் அரிது. செய்தியை ஆக்குதல் கடினமன்று. அதனை உரியவரிடம் மாத்திரம் சேர்ப்பதே கடினம். புற்றுநோய்க்கு வழங்கப்பெறும் மருந்துகள் பல, விரைந்து பிரியுங் கலங்களையெல்லாம் தாக்குவன. மயிர்க்காலின் கலங்களும், குடலின் உட்பரப்புக் கலங்களும், குருதியை ஆக்கும் என்புமச்சைக் கலங்களும் இயல்பாகவே விரைந்து பிரிவன. ஆதலால் நோயுற்ற கலத்தோடு இவையும் துன்புறுகின்றன. மருந்து பெறுவோர் தலைமயிர் உதிர்ந்து, உணவை வெறுத்து, மெலிந்து கிடத்தலை நம்முட் பலர் தத்தம் இல்லங்களிலேயே கண்டிருத்தல் கூடும். அது மருந்தின் கொடுமையன்று. மருந்துக்கு ஆளடையாளம் தெரியாமையின் கொடுமை.

ஒரு குறி போதாமை

ஆளடையாளத்துக்கு ஒரு குறியைக் கொள்ளலாமே என்பர் சிலர். புற்றுநோய்க் கலங்கள் சிலவற்றின் மேற்பரப்பிற் குறித்த ஒரு புரதம் மிகுந்து காணப்படும். அதனைக் குறியாகக் கொண்டு தாக்கும்படி, நோயாளியின் வெண்குருதிக் கலங்களையே வெளியில் எடுத்து, மாற்றியமைத்து, மீண்டும் உடலிற் செலுத்தும் முறையொன்று உண்டு. இம்முறை குருதிப் புற்றுநோய் சிலவற்றிற் பெரும்பயன் தந்துள்ளது. எனினும் 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்ட அறிக்கையொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. குடலிலே தோன்றி ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய புற்றுநோயாளர் ஒருவருக்கு, ஈ.ஆர்.பி.பி. 2 என்னும் புரதத்தைக் குறியாகக் கொள்ளும் கலங்கள் ஆயிரங் கோடி அளவிற் செலுத்தப்பட்டன. கால் மணி நேரத்துள் அவருக்கு மூச்சுத் திணறல் உண்டாயிற்று. ஐந்து நாட்களில் அவர் உயிர் நீத்தார். நுரையீரலின் நலமான கலங்களிலும் அப்புரதம் சிறிதளவு இருந்தமையால், செலுத்தப்பட்ட கலங்கள் அவற்றையும் பகையெனக் கொண்டு தாக்கியிருத்தல் வேண்டும் என வைத்தியர்கள் கருதினர்.

இந்நிகழ்ச்சியை மறையாது எழுதி வெளியிட்ட நேர்மை போற்றுதற்குரியது. அது கற்பித்த பாடம் இது: ஒரு குறியைக் கொண்டு ஒருவரை அறியத் துணிதல் பிழை. நீலச் சட்டை அணிந்தவன் திருடன் என்று கேட்ட காவலன், சந்தையில் நீலச் சட்டை அணிந்தோர் அனைவரையும் பிடித்தால் என்னாகும்? நீலச் சட்டையும் இடக்கன்னத்தில் வடுவும் உடையவன், ஆயினும் கையிற் புத்தகம் இல்லாதவன் என்று கூறினாலன்றோ குற்றமற்றோர் தப்புவர். இங்கே ‘உம்’ என்னும் ஈரெழுத்தும் ‘இல்லாத’ என்னும் எதிர்மறையும் செய்யும் தொழிலைக் காண்க. உயிரைக் காப்பனவும் அவையே. காவாது விட்டாற் போக்குவதும் அவை இன்மையே.

பூல் என்னும் பள்ளியாசிரியர்

இச்சிறு சொற்களின் ஆற்றலைக் கணிதமாக்கிக் காட்டியவர் ஜோர்ஜ் பூல் என்னும் ஆங்கிலேயர். செருப்புத் தைப்பவரின் மைந்தராகிய அவர், பல்கலைக்கழகம் புகாது தாமே கற்று, பதினாறாம் வயதிலேயே ஆசிரியத் தொழிலை மேற்கொண்டவர். பத்தொன்பதாம் வயதில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கி நடத்தியவர். தருக்கத்தைக் கணிதமாக ஆராயும் முதல் நூலை 1847 இலும், விரிவான நூலை 1854 இலும் வெளியிட்டார். ‘உம்’, ‘அல்லது’, ‘இல்லை’ என்பவற்றை இலக்கங்களைப் போலக் கையாளலாம் என்பது அவர் கண்ட உண்மை. 1937 இல் குளோட் ஷானன் என்னும் அமெரிக்க மாணவர், மின்னாளிகளை இணைத்து அவ்வுண்மையைச் சுற்றுகளாக்கலாம் எனத் தம் பட்ட ஆய்விற் காட்டினார். இன்று நம் மாணவர் பயன்படுத்துங் கணினி அனைத்தும் அவ்வழி வந்தவையே.

அச்சுற்றின் அலகை நம் பாடநூல்கள் ‘தருக்கப் படலை’ என வழங்குகின்றன. வேலிக்குப் படலை இட்டு வாழும் நமக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைத்தல் அரிது. ஒரு படலைக்கு இரண்டு பூட்டுகள் இட்டு, அண்ணனிடம் ஒரு திறப்பும் தம்பியிடம் ஒரு திறப்பும் கொடுத்தால், அண்ணனும் தம்பியும் வந்தாலன்றிப் படலை திறவாது. இஃது எண்ணும்மைப் படலை. ஒரே பூட்டுக்கு இரு திறப்புகள் செய்து இருவருக்கும் கொடுத்தால், அண்ணனாவது தம்பியாவது வர அது திறக்கும். இது விகற்பப் படலை. நாய் கட்டவிழ்ந்து நிற்கும்வரை திறவாதிருக்கும் படலை எதிர்மறைப் படலை. கணினியில் இப்படலைகள் மின்னால் இயங்குகின்றன. குருதியினுள்ளே மின்கம்பி செல்ல முடியாது. ஆண்டு வேறொரு பொருள் வேண்டும்.

இழைகளால் ஆகிய படலை

அப்பொருள் டி.என்.ஏ. ஆகும். பரம்பரை இயல்புகளைத் தலைமுறைதோறும் கடத்தும் இம்மூலக்கூறு இரண்டு இழைகள் பின்னிய சுருள் என்பதை ஜேம்ஸ் வாற்சனும் பிரான்சிஸ் கிறிக்கும் 1953 இல் வெளியிட்டனர். அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களே இதன் எழுத்துகள். அடினின் தைமினோடும், குவானின் சைற்றோசினோடும் மாத்திரமே சேரும். ஆதலின் ஓரிழையின் எழுத்துத் தொடரை அறிந்தால், அதனோடு சேர்தற்குரிய மற்றோரிழையை நாமே வரைந்து, ஆய்வுகூடத்திலே செய்வித்துக்கொள்ளலாம். எழுதியபடி ஒழுகும் பொருள் உலகில் மிகச் சிலவே, டி.என்.ஏ. அவற்றுள் ஒன்று. 1994 இல் லெனாட் ஏடில்மன் என்னும் கணித அறிஞர், ஏழு ஊர்களை ஒவ்வொரு முறை மாத்திரம் கடந்து செல்லும் வழியைக் காணும் கணக்கொன்றை இவ்விழைகளைக் கொண்டே தீர்த்துக் காட்டினார்.

இழைகள் படலையாவது எங்ஙனம்? இரண்டு இழைகள் சேர்ந்திருக்கும்போது, அவற்றுள் ஒன்றன் ஓரத்திற் சில எழுத்துகள் துணையின்றி நீண்டிருக்கட்டும். அந்த ஓரத்தையும் உட்பகுதியையும் முற்றாகப் பொருந்தக்கூடிய மூன்றாம் இழையொன்று வருமாயின், அது முதலில் அச்சிறு ஓரத்தைப் பற்றிக்கொள்ளும். பின்னர் எழுத்தெழுத்தாக முன்னேறி, முன்னிருந்த துணையிழையைப் பிரித்து வெளியேற்றிவிடும். வகுப்பறை வாங்கின் ஓரத்திலே சிறிது இடம் பெற்ற மாணவன் மெல்ல மெல்ல நெருங்கி, முன்னிருந்தவனை மறுமுனையால் இறக்கிவிடுதல் இதற்கு ஒப்பாகும். 2000 ஆம் ஆண்டில் இம்முறையால் திறந்து மூடும் டி.என்.ஏ. இடுக்கி ஒன்று செய்யப்பட்டது.

இதிலிருந்து எண்ணும்மைக்குச் செல்லும் வழி குறுகியது. மூன்று இழைகளைச் சேர்த்து, இரண்டாம் இழைக்குரிய ஓரத்தை மூடிவைத்தல் வேண்டும். முதல் இழை வந்து ஒன்றை வெளியேற்றினால், மூடிய ஓரம் வெளிப்படும். பின்பு இரண்டாம் இழை வந்து அதனைப் பற்றி, இறுதி இழையை விடுவிக்கும். ஒன்று மாத்திரம் வந்தால் எதுவும் விடுபடாது. கலிபோர்ணியாவில் எரிக் வின்பிறியும் அவர் கூட்டத்தாரும் 2006 இல் இத்தகைய படலைகளைத் தொடுத்துச் சுற்றுகள் அமைத்தனர். 2011 இல் லூலூ சியான் என்பாரும் வின்பிறியும் 130 இழைகளைக் கொண்டு, சிறிய எண்களின் வர்க்கமூலங் காணும் சுற்றொன்றைச் செய்தனர். சோதனைக் குழாயில் உள்ள நீர் கணக்குச் செய்தது என்றால் அது மிகையன்று. ஆயினும் வர்க்கமூலங் காணக் கணினி உண்டு. டி.என்.ஏ. படலைக்கே உரிய தொழில், கணினி புகமுடியாத இடத்திற் புகுந்து முடிவு செய்தலாகும்.

இரு பூட்டிட்ட பீப்பா

2006 இல் போல் றொதெமுன்ட் என்பவர், ஒரு நீண்ட இழையை இருநூறுக்கு மேற்பட்ட குற்றிழைகளால் ஆங்காங்கே தைத்து, விரும்பிய உருவில் மடிக்கும் கலையைக் கண்டார். அக்கலையைக் கொண்டு 2012 இல் ஷோன் டக்ளஸ், இடோ பஷெலெட், ஜோர்ஜ் சேர்ச் ஆகிய மூவர் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஒரு பீப்பா செய்தனர். அதன் அகலமும் உயரமும் 35 நனோமீற்றர். நீளம் 45 நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றராகும்; ஆதலின் இத்தகைய பீப்பாக்கள் ஈராயிரத்துக்கு மேற்பட்டவற்றைப் பக்கம் பக்கமாக ஒரு மயிரின் குறுக்கே அடுக்கலாம். சிப்பிபோல் ஒருபுறம் கீலுடைய அப்பீப்பாவின் மறுபுறத்தில் இரண்டு பூட்டுகள் உள. பீப்பாவின் உட்புறத்திலே பிறபொருளெதிரியின் துண்டுகள் கட்டப்பட்டிருக்கும். அவையே கலத்துக்குக் கூறவேண்டிய செய்தி.

பூட்டு யாது? குறித்த ஒரு புரதத்தை மாத்திரம் பற்றும்படி மடியும் டி.என்.ஏ. இழைகள் உண்டு. அவற்றை ஈண்டுப் பற்றிழை என்போம். பற்றிழையையும் அதற்குத் துணையான மற்றோரிழையையும் சேர்த்துவைத்தால் பூட்டுப் பூட்டியிருக்கும். பற்றிழைக்குரிய புரதத்தைக் கலத்தின் மேற்பரப்பிற் கண்டவுடன், அது தன் துணையை விட்டுப் புரதத்தைப் பற்றும்; பூட்டுத் திறக்கும். இரண்டு பூட்டுக்கும் இரண்டு வெவ்வேறு புரதம் வைத்தால், இப்புரதமும் அப்புரதமும் உடைய கலத்தின்முன் மாத்திரமே பீப்பா விரியும். விரிந்தபின் உள்ளிருந்த துண்டுகள் கலத்தின் வாங்கிகளிற் பொருந்தி, வளர்ச்சியை நிறுத்தும் செய்தியை உள்ளே அனுப்பும். வெண்குருதிப் புற்றுநோய்க் கலவகையொன்றில் இம்முறையால் வளர்ச்சி தடைப்பட்டதை ஆய்வாளர் கண்டனர். வேறு செய்தியை உள்ளே வைத்தபோது, நோயெதிர்க்கும் கலங்களைத் தூண்டவும் முடிந்தது. பூட்டு வேறு, செய்தி வேறு. இரண்டையும் வேண்டியவாறு மாற்றலாம். இதுவே இவ்வமைப்பின் சிறப்பு.

இல்லாமையையும் அறிதல்

உள்ளதை அறிதல் எளிது. இல்லாததை அறிதல் அரிது. 2013 இல் மிலான் ஸ்ரொயனோவிச், சேர்கேய் ருட்சென்கோ முதலியோர் நியூயோர்க்கில் இவ்வரிய பணியை மேற்கொண்டனர். வெண்குருதிக் கலங்கள் பெரும்பாலும் சி.டி. 45 என்னும் குறியை உடையன. அவற்றுள் ஒரு வகை சி.டி. 20 என்னும் குறியையும், வேறொரு வகை சி.டி. 3 என்னும் குறியையும் உடையன. ஒவ்வொரு குறியையும் பற்றும் பிறபொருளெதிரியிலும் ஒவ்வொரு டி.என்.ஏ. இழையமைப்பைக் கட்டிக் கலங்களோடு சேர்த்தனர். பின்னர்த் தொடக்க இழையொன்றை நீரில் இட்டபோது, அது முதற் குறியிலுள்ள இழையை விடுவிக்க, அவ்விழை அதே கலத்தின் இரண்டாங் குறிக்குச் சென்று அடுத்ததை விடுவிக்க, இவ்வாறு செய்தி குறிவிட்டுக் குறி தாவிச் சென்றது. இறுதியில் உரிய கலத்தின்மீது மாத்திரம் ஒளிரும் அடையாளம் பொறிக்கப்பட்டது. இழைகளை வேறுவகையாக அமைத்தபோது, ‘சி.டி. 45 உடையதும் சி.டி. 20 இல்லாததும்’ எது என்னும் வினாவுக்கும் அவை விடை கண்டன. எண்ணும்மையும் எதிர்மறையும் உயிருள்ள கலத்தின் மேலேயே நின்று தொழிற்பட்டன என்க.

கண்டு தாக்குதல்

இதுகாறும் கூறியவை கலத்துக்கு வெளியே நின்று இயங்குவன. கலத்தின் உள்ளே உள்ள டி.என்.ஏ.யிலேயே படலையை எழுதிவைக்கும் முறையும் உண்டு. 2016 இல் சான் பிரான்சிஸ்கோவில் வெண்டெல் லிம் என்பாரின் ஆய்வுகூடத்தார் நோயெதிர்க் கலங்களுக்குப் புதிய வாங்கியொன்றை அளித்தனர். அவ்வாங்கி முதற் குறியைக் கண்டால், கலம் தாக்குதற்குரிய இரண்டாம் வாங்கியை ஆக்கத் தொடங்கும். இரண்டாங் குறியையும் கண்டாற்றான் தாக்கும்.

இதனை இலக்கணக் கண்கொண்டு நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். பீப்பாவின் முறை ‘அதுவும் இதுவும்’ என்னும் எண்ணும்மை. இம்முறையோ ‘அதனைக் கண்டு இதனைத் தாக்கும்’ என்னும் வினையெச்சம். எச்சத்தில் காலம் புகுந்துவிடுகின்றது. முதற்றொழில் முடிந்தபின்னரே அடுத்தது நிகழும். இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. முதற் குறியை ஓரிடத்திலே கண்டு விழித்துக்கொண்ட கலம், பக்கத்தில் நிற்கும் நலமான கலத்தில் இரண்டாங் குறியைக் கண்டால் அதனையும் தாக்கிவிடலாம். நோய்க்கலமும் நலக்கலமும் அடுத்தடுத்து உள்ளவிடத்து இத்தீங்கு நேரும் என்பது 2019 இல் எலிகளிற் செய்த ஆய்வொன்றால் வெளிப்பட்டது. ‘ஒரே கலத்தில்’ என்னும் அடையொன்று விடுபட்டமையே காரணம். வாக்கியத்தில் அடை விடுபட்டால் ஆசிரியர் புள்ளி குறைப்பார். இங்கே விடுபட்டால் உயிர் குறையும்.

குறைகளும் தடைகளும்

புதுமையைப் போற்றுவோர் அதன் குறையை மறைத்தல் தகாது. மேற்கூறிய பீப்பாவும் குறியாராயும் இழைகளும் ஆய்வுகூடத்துக் கலங்களிலே சோதிக்கப்பட்டவை, நோயாளியின் உடலிலன்று. குருதியிலே டி.என்.ஏ.யை வெட்டும் நொதியங்கள் உள்ளன. அவை அயல் இழையைக் கண்டவுடன் சிதைக்கத் தொடங்கும். மடித்த உருவங்கள் குலையாதிருக்க வேண்டிய மகனீசிய உப்பின் அளவு குருதியில் உள்ளதிலும் மிகுதி. ஈரலும் சிறுநீரகமும் அவற்றை விரைந்து அகற்றிவிடும். இவை போதாவென, திறப்பு வாராமலே படலை தானே சற்றுத் திறந்துகொள்ளும் கசிவு என்னுங் குறையும் உண்டு. கணக்கிற் கசிவு சிறு பிழையாகலாம். மருந்திற் கசிவு நஞ்சாகும்.

எனினும் வழி அடைபட்டதன்று. 2018 இல் சீன, அமெரிக்க ஆய்வாளர் சேர்ந்து, 90 நனோமீற்றர் நீளமும் 60 நனோமீற்றர் அகலமும் உடைய டி.என்.ஏ. தாளொன்றைப் பாய்போற் சுருட்டி, அதனுள்ளே குருதியை உறையச் செய்யும் துரொம்பின் என்னும் நொதியத்தை வைத்து எலிகளின் நாளத்திற் செலுத்தினர். கட்டியின் குருதிக் குழாய்களிலுள்ள நியூக்கிளியோலின் என்னும் புரதத்தைக் கண்டு அச்சுருள் விரிந்தது. குருதி உறைந்து, கட்டிக்கு ஊட்டம் தடைப்பட்டது. எலிகளிலும் சிறுவகைப் பன்றிகளிலும் அது தீங்கு விளைக்கவில்லை என அவர்கள் அறிவித்தனர். ஆயின் அதன் பூட்டுகள் யாவும் ஒரே புரதத்தையே தேடின. அஃது எண்ணும்மைப் படலையன்று. உடலினுள்ளே டி.என்.ஏ. உருவம் சிதையாது சென்று தொழிற்படலாம் என்பதை ஓராய்வும், இரு குறிகளை ஒருங்கே ஆராயலாம் என்பதை மற்றோராய்வும் காட்டின. இரண்டும் ஓருடலில் ஒன்றுதல் எஞ்சியுள்ள பணி. அப்பணியைச் செய்து முடிப்போர் இன்று எங்கோ ஒரு வகுப்பறையில் அமர்ந்திருத்தல் கூடும்.

முடிவுரை

வினாவிய மாணவனுக்கு இப்பொழுது விடை கூறுவோம். தம்பி, நீ வைத்தியனாகி ஒரு நோயாளியின் அருகே நிற்கும் நாளில், உன் கையிலுள்ள மருந்து யாரைத் தொடவேண்டும், யாரைத் தொடலாகாது என்பதை யாரோ ஒருவர் முன்னரே தெளிவாக எழுதிவைத்திருத்தல் வேண்டும். அவ்வெழுத்து ‘உம்’ என்றும் ‘அல்லது’ என்றும் ‘இல்லை’ என்றும் ‘ஒரே கலத்தில்’ என்றும் அமைந்திருக்கும். ஒரு சொல் தவறினால் நலமான நுரையீரல் பகையாகிவிடும். சொல்லை அளந்து பேசவும் எழுதவும் உன்னைப் பழக்கவே இலக்கணம் கற்பிக்கின்றோம்.

இப்பாடம் வைத்தியர்க்கு மாத்திரம் உரியதன்று. ஒரு குறியைக் கொண்டு ஒருவரை அறிந்துவிட்டதாக எண்ணித் தாக்கும் பிழை, கலங்களிலும் பார்க்க மனிதரிடத்தே மிகுதி. பெயரையோ ஊரையோ மொழியையோ கண்ட மாத்திரத்தில் முடிவு செய்யாது, இன்னொரு குறியும் காண்போம், இல்லாததையும் ஆராய்வோம் என்று பொறுத்திருத்தல் கற்றோர்க்கு அழகு. டி.என்.ஏ. இழைகூட இரண்டு திறப்பும் வரும்வரை படலையைத் திறவாது காத்திருக்கின்றது. எம் கல்லூரி பல்லாண்டுகளாகத் தன் மாணவர்க்கு ஊட்டிவரும் கல்வியும் அத்தகைய பொறுமையையே நோக்கமாகக் கொண்டதென யாம் நம்புகின்றோம்.